வந்த பூதமும் போன பூதங்களும்: இரட்டைக் காப்பியத்தைக் கூடிப் பயின்றதன் பயன்

நூலொன்றைத் தனித்திருந்து பயில்வோன் தனக்கு எழவேண்டிய ஐயங்களுள் பலவற்றை அறியாமலே கடந்து சென்றுவிடுகின்றான். அவன் கேளாது விடுத்த வினாவை உடனிருந்து பயில்வோர் கேட்பர். நூல்கள் அவையோர்முன் அரங்கேறிய காலத்தில் இவ்வுண்மையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். அச்சு நூல்கள் பெருகிய பின்னர்ப் படிப்பு அவரவர் அறைக்குள் ஒடுங்கிற்று. ஆயினும் அவ்வச்சு நூல்களுட் சிறந்தன சில கூட்டுப் பயிற்சியால் உருவானவை. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து பொருள் தெளிந்தார். 1898-ஆம் ஆண்டு மணிமேகலையை வெளியிடுதற்குமுன் பௌத்த சமயக் கருத்துகளை ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். உடன்பயில்வோர் இன்றேல் அப்பதிப்புகளின் தெளிவு இன்றுள்ளவாறு அமைந்திராது.

இக்கட்டுரையும் அத்தகையதொரு சிறு கூட்டத்திலிருந்தே பிறந்தது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலை இரயில் நிற்கும் சிற்றூர்களுள் ஒன்று கேத்தி. அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நண்பர் ஐவர், யான் உட்பட, வாரந்தோறும் ஒரு மாலையில் கூடி நூல் பயின்று வருகின்றோம். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதுபவர் ஒருவர். இரயில்வேப் பணியினின்று ஓய்வு பெற்றவர் ஒருவர். பள்ளி ஆசிரியை ஒருவர். படகர் மரபினராய்க் காய்கறி பயிரிடும் இளைஞர் ஒருவர். தமிழைத் தொழிலாகக் கொண்டவன் யான் ஒருவனே. படித்த பகுதியைப் பற்றி ஒவ்வொருவரும் பொதுக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்; எழுதியதை ஏனையோர் படித்து மறுமொழி எழுதுதல் வேண்டும். இஃதொன்றே எங்கள் நெறி.

இக்கூட்டம் முதலில் எடுத்துக்கொண்டது ஓர் ஆங்கிலத் தொடர்நாவல். இலண்டன் மாநகரைக் களமாகக் கொண்டு பென் ஆரனோவிச் என்பார் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தொடரின் முதல் நூல் அது. ‘இலண்டனின் ஆறுகள்’ எனப் பொருள்படும் பெயருடையது. பீட்டர் கிராண்ட் என்னும் இளங்காவலன் ஒரு கொலையைக் குறித்து உசாவும்போது, ஆவியொன்று அவனிடம் சாட்சி பகர்கின்றது. தேம்ஸ் ஆற்றுக்கு உரிமை கொண்டாடும் தெய்வங்கள் தம்முள் முரணி நிற்க, அம்முரணைத் தீர்க்கும் பொறுப்பும் அவனைச் சேர்கின்றது. இவ்வகைப் படைப்பை ‘நகர் மாயப்புனைவு’ என்று தமிழில் வழங்கலாம்.

நூலைப் படித்து முடித்ததும் இவ்வகையின் இலக்கணம் யாது என்ற வினா எழுந்தது. எங்கள் குறிப்பேட்டில் மூன்று கூறுகள் எழுதப்பெற்றன. நகர் உண்மை நகராக, தெருவும் சதுக்கமும் பெயர் சுட்டப்பெற்றதாக இருத்தல் வேண்டும். மாயத்திற்கு வரம்பும் முறையும் இருத்தல் வேண்டும். எதுவும் எவ்வாறும் நிகழலாம் என்றால் கதையில் இடர்ப்பாடு எழாது. முன்னூலில் கூறாது விட்ட முறையைப் பின்னூல் விளக்கித் தொடர்தல் வேண்டும். தமிழில் இவற்றுள் முதற்கூற்றை நிறைவாகப் பெற்ற சிறுகதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகும். 1943-இல் வெளிவந்த அக்கதையில் கடவுள் சென்னையின் பிராட்வே, எஸ்பிளனேடு கூடுமிடத்தில் தோன்றுகின்றார். ஆயின் அது தனிக்கதை. மூன்று கூறுகளும் ஒருங்கே அமைந்த தொடர் தமிழில் உண்டோ என ஆசிரியை வினவினார். யான் சற்றுத் தயங்கிப் பின்னர், ‘சிலப்பதிகாரமும் மணிமேகலையும்’ என்றேன்.

என் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. நகர் மாயப்புனைவு எழுதும் இக்கால ஆசிரியர் தம் தெய்வங்களைப் புனைவென அறிந்தே படைக்கின்றார். படிப்போரும் அவ்வாறே கொள்கின்றனர். இளங்கோவடிகளின் காலத்து மக்களுக்கோ சதுக்கப்பூதம் வழிபாட்டுக்குரியது. ஒன்றன் பெயரை மற்றொன்றற்குச் சூட்டுதல் ஆராய்ச்சி நெறிக்கு இழுக்காகலாம். ஆதலின் அப்பெயரை இலக்கிய வகையின் பெயராகக் கொள்ளாது, படிக்கும் முறையின் பெயராகவே யாம் கொண்டோம். தெய்வம் எத்தெருவில் உறைகின்றது, எம்முறைக்குக் கட்டுப்பட்டது, எப்போது வாராது என்று வினவிப் படிப்பதே அம்முறை. சிலம்பின் 30 காதைகளையும் மேகலையின் 30 காதைகளையும் வாரத்திற்கு ஒன்றாக 60 வாரங்களில் படித்து முடித்தோம்.

புகாரின் ஐந்து மன்றங்கள்

இந்திர விழவூரெடுத்த காதையில் புகாரின் ஐவகை மன்றங்கள் கூறப்படுகின்றன. வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். திருட முயன்றவன் கழுத்துக் கடுக்கச் சுமையோடு சுற்றிவருவானேயன்றி வெளியேற இயலாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி வலம் வந்தால் கூனும் ஊமும் நீங்கும். நெடுங்கல் மன்றத்து ஒளிக்கல் நஞ்சுண்டார், பாம்பு தீண்டப்பெற்றார், பேய் கோட்பட்டார் ஆகியோரின் துயர் களையும். பூத சதுக்கத்துப் பூதம் பொய்த்தவத்தார், ஒழுக்கம் மறைந்த மகளிர், வஞ்ச அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சாட்சி கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்ணும். பாவை மன்றத்துப் பாவை வாய் திறந்து பேசாது. அரசன் கோல் கோடினும் அறங்கூறவையம் ஒருதலைப் பக்கம் சாயினும் கண்ணீர் உகுத்து நிற்கும்.

பல ஆண்டுகளாக வகுப்பில் இப்பகுதியை ‘நகர் வருணனை’ எனக் கூறி விரைந்து கடந்தவன் யான். தேர்வுக்கு ஐந்து மன்றங்களின் பெயர்களை மாணவர் மனனம் செய்தால் போதும் என்றே எண்ணினேன். கணக்கெழுதும் நண்பரோ இப்பகுதியை ஒரு பட்டியலாகக் கண்டு, பத்தி பிரித்துக் குறிப்பேட்டில் எழுதினார்: திருட்டு, உடற்குறை, நஞ்சும் நோயும், தனிமனிதர் குற்றம், அரசின் குற்றம். நகர வாழ்வில் ஒருவனுக்கு நேரக்கூடிய கேடுகள் பலவற்றிற்கும் புகாரில் ஒவ்வோர் இடம் காவலாக நிற்கின்றது என்பதே அவர் கண்ட பொருள். அவ்விடங்கள் யாவும் பொதுமன்றங்கள் என்பதும் நோக்கத்தக்கது. அவற்றின் செயல் ஊரறிய நிகழ்வது.

மதுரையில் எழுந்த வினா

அடைக்கலக் காதையைப் படித்த மாலையில்தான் இக்கட்டுரையின் கரு உருவாயிற்று. கோவலனின் பழைய அறச்செயல்களை மாடலன் அங்கு எடுத்துரைக்கின்றான். பத்தினி ஒருத்திமேல் பொய்ச்சாட்சி கூறியவனைச் சதுக்கப்பூதம் பற்றிக்கொண்டது. அவன் தாயின் துயர் காணப் பொறாத கோவலன் பாசத்துள் தானும் புகுந்து, தன்னுயிரைக் கொண்டு அவனை விடுக்குமாறு வேண்டினான். தீயோன் பொருட்டு நல்லோனின் உயிரைக் கொள்ளுதல் முறையன்றென மறுத்த பூதம் அவன் கண்முன்னரே பொய்யனை உண்டது. கோவலன் அத்தாயையும் சுற்றத்தாரையும் பல்லாண்டு காத்தான்.

அடுத்த காதையில் பொற்கொல்லன் பொய் கூறுகின்றான், கோவலன் கொல்லப்படுகின்றான். காய்கறி பயிரிடும் இளைஞர் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதியிருந்தார்: பொய்யனைக் காக்கப் பூதத்திடம் சென்றவன் பொய்யனால் இறக்கும்போது பூதம் ஏன் வரவில்லை?

பொய் அதே பொய். நகர் மட்டும் வேறு. இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்த காதைகளில் ஆசிரியர் வைத்தது தற்செயலாக இருத்தல் இயலாது. மாடலன் கூற்றைக் கோவலனின் கொடைப் பண்பை விளக்கும் பகுதியாகவே இதுவரை கற்பித்து வந்த யான், இவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலாது நின்றேன்.

ஓய்வு பெற்ற நண்பர் ஒரு விடை கூறினார். மதுரையிலும் தெய்வக் குறிகள் இல்லாமல் இல்லை என்பது அவர் கருத்து. கட்டுரை காதையில் மதுராபதி கூறும் வார்த்திகன் வரலாற்றை அவர் எடுத்துக்காட்டினார். குற்றமற்ற வார்த்திகன் சிறைப்பட்டபோது ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. அரசன் தன் பிழையை உணர்ந்து திருத்திய பின்னரே திறந்தது. ஆகவே மதுரையின் தெய்வம் அடையாளம் காட்டும். அரசன் திருந்தக் காலம் தரும். கோவலன் செய்தியிலோ அக்காலம் இல்லை. சிறைப்பட்டவனை மீட்கலாம், வெட்டுண்டவனை மீட்க எக்கதவு மூடியும் பயனில்லை.

ஆசிரியை கூறிய விடை இதனினும் கூரியது. புறஞ்சேரி இறுத்த காதையில் வையை கண்ணீரை மறைத்து மலராடை போர்த்திச் செல்கின்றாள். மதிற்கொடிகள் வாராதீர் என்பனபோல் அசைகின்றன. புகாரின் பாவை மன்றத்தில் வெளிப்பட அழுகின்றது. மதுரையின் ஆறு அழுகையை மறைக்கின்றது. இலண்டன் தொடரில் ஆற்றுத் தெய்வங்கள் உரிமை கோரி வாதிடக் கண்ட எங்களுக்கு, வாய் மூடிச் செல்லும் வையையின் துயர் புதிதாகத் தோன்றிற்று. அழற்படு காதையை அவர் மேலும் சுட்டினார். மதுரையிலும் பூதங்கள் உள. நால்வகை வருணத்திற்குரிய பூதங்கள் நான்கு. அரசன் முறை பிழைத்த நாளில் இந்நகர் எரியுண்ணும் என்பதை அவை முன்னரே அறிந்திருந்தன. அறிந்திருந்தும் அவை செய்தது நகரை விட்டு நீங்கியதே. புகாரின் பூதம் சதுக்கத்தில் நின்று வினை செய்கின்றது. மதுரையின் பூதங்கள் வினை முடிந்தபின் புறப்பட்டுப் போகின்றன.

இவ்விரண்டு விடைகளையும் இணைத்து நோக்கின் கண்ணகியின் செயல் வேறொரு பொருள் பெறுகின்றது. தெய்வங்கள் மறைத்ததையும் விடுத்ததையும் ஒரு பெண் அரசவையில் வெளிப்பட உரைக்கின்றாள். வஞ்சின மாலையில் அவள் தீக்கு இடும் ஆணையும் கட்டற்றதன்று. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை நீக்கித் தீயோர் பக்கமே சேர்க என்கின்றாள். சதுக்கப்பூதத்தின் பட்டியல் எவரை உண்பது என்பது. கண்ணகியின் பட்டியல் எவரை விடுவது என்பது. இரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். பாவையில்லாத நகரில் அவளே பாவையாக அழுதாள். பூதங்கள் நீங்கிய நகரில் அவளே பூதத்தின் கடனை ஏற்றாள்.

பின்னூல் தந்த விடை

தொடரைப் பயில்வோர்க்கு முன்னூலின் ஐயத்தைப் பின்னூல் தீர்த்தல் தனியின்பம். எங்களுக்கு அவ்வின்பம் மணிமேகலையின் சிறைசெய் காதையில் கிட்டிற்று. மருதி என்பாள் ககந்தனின் மகனால் துன்புற்றுப் பூத சதுக்கத்திற்குச் சென்று முறையிடுகின்றாள். அப்போது பூதம் தன் முறையைத் தானே கூறுகின்றது. தண்டிக்கும் கடன் முதலில் மன்னனுடையது; அதற்கு ஏழு நாள் உண்டு; அவன் தவறிய பின்னரே பூதம் தலையிடும். அந்நாட்களுக்குள் ககந்தன் தன் மகனைத் தானே வாளால் எறிகின்றான்.

இப்பகுதியைப் படித்ததும் இளைஞரின் வினாவுக்குத் திரும்பினோம். பூதம் மன்னனுக்கு மாற்றன்று. மன்னன் தவறியவிடத்து வருவது. இம்முறையைப் பாண்டியன்மேல் வைத்துப் பார்க்கலாம். தன் பிழையை உணர்ந்த கணமே அவன் அரியணையில் வீழ்ந்து உயிர் நீத்தான். ஏழு நாள் தேவைப்படவில்லை. ஒரு நொடியே போதியதாயிற்று. அவ்வகையில் அவன் ககந்தனுக்கு இளைத்தவனல்லன். ஆயின் ககந்தன் தண்டித்தது உசாவிய பின்னர். பாண்டியன் தண்டித்தது உசாவாமல். தன்னைத் தண்டித்துக்கொள்ளும் நேர்மை அவனிடம் இருந்தது. பிறனைத் தண்டிக்குமுன் காத்திருக்கும் பொறுமை இல்லை. சிலம்பின் அவலம் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றது. இக்கருத்தை மணிமேகலை வெளிப்படையாகக் கூறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இரு நூல்களையும் ஒரு தொடராகப் படிப்போர் பெறும் பொருள் இது.

மணிமேகலை முன்னூலின் முறைகளை விளக்குவதோடு அமையவில்லை, மாற்றியும் செல்கின்றது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் கோதமை இறந்த தன் மகனுக்கு ஈடாகத் தன்னுயிரைக் கொள்ளுமாறு சம்பாபதியை வேண்டுகின்றாள். கோவலனுக்குப் பூதம் மறுத்தது போலவே தெய்வம் அவளுக்கும் மறுக்கின்றது. பூதம் மறுத்தது அறத்தின் பெயரால். சம்பாபதி மறுத்தது வினையின் பெயரால். முன்னூலில் பேசாது அழுத பாவைக்கு மாறாகப் பின்னூலில் கந்திற்பாவை வாய் திறந்து முன்னும் பின்னும் உரைக்கின்றது. வஞ்சி மாநகரில் படிமமாக நிற்கும் கண்ணகியே, சினத்தால் மதுரையை எரித்த வினையின் பயனைத் தான் நுகரவேண்டும் என மணிமேகலையிடம் கூறுகின்றாள். முன்னூல் தெய்வமாக்கியவளைப் பின்னூல் தன் செயலை எண்ணிப் பார்க்கச் செய்கின்றது. சாத்தனார் பௌத்தர் ஆதலின் இம்மாற்றம் சமயம் பற்றியது என்று கூறி அமைவோர் உளர். அதுவும் உண்மையே. எனினும் நீதியைப் பற்றிய உரையாடல் ஒன்றும் இதனுள் நிகழ்கின்றது.

அவ்வுரையாடலின் முடிவைச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் காணலாம். அமுதசுரபியால் சிறையிலுள்ளோர் பசியைத் தீர்த்த மணிமேகலை, வேண்டுவது யாதென வினவிய மன்னனிடம் சிறையை அறச்சாலையாக்குமாறு வேண்டுகின்றாள். பூதத்தின் பாசம், கண்ணகியின் தீ, மணிமேகலையின் அன்னம் என நீதி மூன்று படிகளில் செல்கின்றது. அப்புகாரும் பின்னர்க் கடல்கோளால் அழிகின்றது. இந்திரவிழா மறக்கப்பட்டதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. ஐந்து மன்றங்களும் அந்நகரைக் காக்கவில்லை. தெய்வம் காக்கும் நகர் என ஒன்று இல்லை என்பதே இவ்விரு நூல்களும் இறுதியில் உணர்த்துவது. நகரைக் காக்க வேண்டியோர் அதில் வாழ்வோரும் அதனை ஆள்வோருமே.

மலையும் நகரும்

இறுதியாகப் பதிகத்திற்கு வருவோம். அது நூலாசிரியர் இயற்றியதன்று என்பாரும் உளர். யார் இயற்றினும் அது கூறும் செய்தி எங்கள் முயற்சிக்கு நெருங்கியது. குன்றக்குறவர் வேங்கை மரத்தின் நிழலில் ஒரு முலை இழந்த பெண்ணைக் கண்டனர். அவளும் அவள் கணவனும் விண்ணேறியதைக் கண்டனர். அவள் பெயரும் ஊரும் அவர்கள் அறியார். சாத்தனாரோ மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் கிடந்து மதுராபதி உரைத்ததைக் கேட்டவர். மலையில் நிகழ்ந்ததைக் கண்டவரல்லர். மலைமக்களிடம் கதையின் முடிவு இருந்தது. நகரத்துப் புலவரிடம் அதன் காரணம் இருந்தது. இரண்டையும் இளங்கோவடிகள் ஒருங்கே கேட்டார். அவர் பாடியதைச் சாத்தனார் கேட்டார். சாத்தனார் பாடியதை அவர் கேட்டார் என இரு நூல்களின் பதிகங்களும் கூறுகின்றன. இப்பெருந்தொடர் கூடிக் கேட்டலிலிருந்தே பிறந்ததாகத் தமிழ் மரபு கருதிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கால்கோட் காதையில் வடக்கு நோக்கிச் செல்லும் செங்குட்டுவன் பாடி இறங்கிய இடம் நீலகிரி எனப்படுகின்றது. விசும்பின் வழியே வந்த முனிவர் அங்கு இறங்கி அவனிடம் பேசுகின்றனர். அந்நீலகிரி இன்றைய மலைதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எம் இளைஞருக்கு அதில் ஐயமே இல்லை. அவர் மகிழ்ச்சியை ஆராய்ச்சியின் பெயரால் குலைக்க எனக்கு மனமில்லை. ஆயின் அவர் எழுதிய வேறொரு குறிப்பு ஆராய்ச்சிக்கும் உரியது. மலைமக்கள் கண்டதைச் சொல்லத் தயங்கியிருப்பின் நகரத்தார் அறிந்தது கதையாகியிராது என அவர் எழுதினார்.

சதுக்கப்பூதம் ஏன் வரவில்லை என்ற வினாவைக் கேட்டவர் தமிழை முறையாகக் கல்லாத ஒருவர். அதனைக் கேளாதிருந்தவன் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற யான். இதனால் கல்வி பயனற்றது என்பது பொருளன்று. வினா எழுந்தபின் அதற்குரிய காதைகளைத் தேடித் தந்தது அக்கல்வியே. தமிழ்த் துறைகள் காப்பியங்களைத் தேர்வுக்குரிய பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் வழக்கத்தால், சிலம்பின் வினாவுக்கு மேகலை தரும் விடை மாணவர் கண்ணிற் படாமலே போகின்றது. இரு நூல்களையும் ஒரு தொடராக, காதை காதையாக, பல்வேறு தொழிலினரோடு அமர்ந்து பயிலும் வாய்ப்பை மாணவர்க்கு ஆண்டிற்கு ஒருமுறையேனும் அமைத்துத் தருதல் நன்று. எங்கள் குறிப்பேட்டில் விடை காணா வினாக்கள் இன்னும் பல உள. அவற்றுள் ஒன்று: மதுரையை விட்டு நீங்கிய நான்கு பூதங்களும் எங்குச் சென்றன?